நேற்றைப் போல் இன்றும் நன்று

செவி கொடுப்போர் அனைவரும் செவ்வையாய் அமர்க. மலைக்கும் கடலுக்கும் நடுவே எவரும் எல்லைகளை ஏட்டில் எழுதாத காலம் அது. ஆறுகள் தத்தம் பெயரைத் தாமே முணுமுணுத்துக்கொண்டு நடந்த காலம். அக்காலத்தில் குமுதை என்று ஓர் ஆறு இருந்தது. அதன் கரையில் வேங்கைத்துறை என்று ஓர் ஊர் இருந்தது. அவ்வூரை வில்லவராயன் என்னும் அரசன் ஆண்டான். அவ்வரசனின் அவையிலே, வேறெந்த நாட்டிலும் இல்லாத ஒரு பதவி இருந்தது. அதற்கு நீர்ச்சுவை காண்பவர் என்று பெயர்.

அப்பதவியை வகித்தவரின் பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிடுதல் முறையாகாது. வேங்கைத்துறைச் சாத்தனாரின் பேரனும், சேந்தனாரின் மூத்த மகனுமாகிய மழவரையனார் என்று நிறுத்திச் சொல்ல வேண்டும். இக்கதை நிகழ்ந்த பங்குனியில் அவருக்கு வயது அறுபத்து மூன்று ஆண்டும் நான்கு திங்களும். பதவிக்கு வந்து முப்பத்தேழு ஆண்டு.

அவருடைய பணி யாதெனின், நாள்தோறும் விடியலில் அரச துறையில் முழங்கால் அளவு நீரில் நின்று வெள்ளிக் கிண்ணத்தால் மூன்று மிடறு பருகுவது. முதல் மிடறு அரசனுக்காக. இரண்டாம் மிடறு ஊருக்காக. மூன்றாம் மிடறு ஆற்றுக்காக. பருகியபின் கரையில் காத்திருக்கும் முரசறைவோனை நோக்கி, "நேற்றைப் போல் இன்றும் நன்று" என்பார். முரசு முழங்கும். அதன்பின்னரே குடங்கள் நீரில் இறங்கும்.

மூன்றாம் மிடற்றின்போது அவர் கண்களை மூடிக்கொள்வார். அப்போது அவருக்கு ஒரு காட்சி விரியும். நீரோட்டத்தை எதிர்த்து அவர் மிதந்து செல்வதுபோல் இருக்கும். ஆமைகளைப் போல் உறங்கும் கருங்கற்கள் முதலில் வரும். அவற்றைக் கடந்தால், மாலை வெயிலைக் கரைத்து ஊற்றியது போன்ற பொன்னிற நீர் வரும். அதையும் கடந்தால், நீரெங்கும் வெள்ளை ஆம்பல்கள் நிரை நிரையாய் மிதந்து வரும். அவற்றுக்கு மேலே எங்கோ, பனிமூட்டத்துக்குள், குமுதை பிறக்கும் ஊற்றுக்கண் இருப்பதாக அவர் அறிவார். ஆனால் ஒருநாளும் கால்நடையாய் அங்கே சென்றவரல்லர். நாக்கினாலேயே சென்றுவரும் ஒருவருக்குக் கால்கள் எதற்கு?

ஆற்றங்கரையில் எவரேனும் புதிதாய்த் தொழில் தொடங்க வேண்டுமெனில் மழவரையனாரின் சொல் வேண்டும். முப்பது ஆண்டுக்கு முன் தென்னாடன் என்பவன் கரும்பாலை வைத்தான். சாறு காய்ச்சும்போது திரளும் அழுக்கு நுரையை ஆற்றில் விட்டான். மழவரையனார் மறுநாள் பருகிப் பார்த்தார். நேற்றைப் போலவே இருந்தது. நன்று என்றார்.

இருபது ஆண்டுக்கு முன் ஏனாதி என்னும் கயிற்றுக்காரன் கரையோரம் குழிகள் வெட்டித் தென்னை மட்டைகளை ஊறப்போட்டான். ஊறிய நீரை ஆற்றில் விட்டான். மழவரையனார் பருகிப் பார்த்தார். நேற்றைப் போலவே இருந்தது. நன்று என்றார்.

பத்து ஆண்டுக்கு முன் அரசனின் யானைக்கொட்டில் ஆற்றங்கரைக்கு மாறியது. அறுபது யானைகளின் சாணமும் கழுவுநீரும் ஆற்றில் இறங்கின. மழவரையனார் பருகிப் பார்த்தார். நேற்றைப் போலவே இருந்தது. நன்று என்றார்.

எட்டுத் திங்களுக்கு முன் மலைநாட்டிலிருந்து சிலம்பாயி என்னும் சாயக்காரி, தன் அக்காள் குடும்பத்தோடு, ஆக மொத்தம் பதினொரு பேராய் வந்து சேர்ந்தாள். அரச துறைக்குச் சற்று மேலே, நீலச்சாயம் தரும் அவுரி இலையை ஊறவைக்க மூன்று தொட்டிகள் கட்டினாள். அதற்கும் மழவரையனார் நன்று என்றே சொல்லியிருந்தார்.

அவ்வாண்டு ஐப்பசியில் மழை பொய்த்தது. மாசிக்குள் ஆறு மெலிந்தது. கெண்டை மீன்கள் வயிறு வெளுக்க மிதந்தன. ஊரிலே நாற்பது குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தன. வைத்தியர்கள் தண்ணீரைக் குற்றம் சொன்னார்கள். மக்கள் தண்ணீரை உற்றுப் பார்த்தார்கள். கரையோரமாக, நூல் பிடித்தாற்போல், ஒரு நீலக் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

அவையில் முதலில் எழுந்தவன் தென்னாடன்.

"அரசே, கண்ணுக்கு நேரே திருடன் நீலச்சட்டை போட்டுக்கொண்டு போகிறான். இதற்கு விசாரணை வேறு வேண்டுமா? நேற்று வந்தவள் கெடுத்துவிட்டாள்!"

அவை ஆமென்றது. அரசன் மழவரையனாரைப் பார்த்தான்.

"மழவரையரே, உம் நாக்கு சொல்வதே முடிவு. பத்து நாள் தவணை தருகிறேன். பத்தாம் நாள் துறையிலேயே அவை கூடும். சாயம்தான் கேடு என்று நீர் சொன்னால் தொட்டிகள் உடைபடும். அந்தப் பதினொரு பேரும் எல்லைக்கு அப்பால் போவார்கள்."

எல்லைக்கு அப்பால் என்பது மூன்று நாள் நடை, நிழலற்ற பொட்டல். பங்குனி வெயிலில் கைக்குழந்தைகளோடு அதைக் கடந்தவர் இலர். அது அரசனுக்கும் தெரியும். மழவரையனாருக்கும் தெரியும்.

தீர்ப்பை நாவின் நுனியில் வைத்துக்கொண்டே அவர் சாயக்கொட்டகைக்குச் சென்றார். முழங்கை வரை நீலமேறிய கைகளோடு சிலம்பாயி எழுந்து நின்றாள்.

"வாருங்கள் ஐயா. நாக்கை மட்டும் கொண்டு வந்தீர்களா, தீர்ப்பையும் சேர்த்தே கொண்டு வந்தீர்களா?"

மழவரையனார் நேரே நீரில் இறங்கினார். அவளுடைய தொட்டி நீர் ஆற்றில் விழும் இடத்துக்கு மேலே நின்று மூன்று மிடறு பருகினார். கீழே வந்து நின்று மூன்று மிடறு பருகினார். நெடுநேரம் அசையாமல் நின்றார்.

"என்ன ஐயா, விழுங்கவும் மாட்டேன் துப்பவும் மாட்டேன் என்று நிற்கிறீர்கள்? சூடான கொழுக்கட்டையா வாயில்?"

"இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன" என்றார் அவர். பொய் சொல்லி அறியாத நாக்கு அது.

"அப்படியானால் என் தொட்டிக்கு மேலேயே ஆறு இப்படித்தான் இருக்கிறது என்றுதானே பொருள்?"

"மேலே ஆறு நன்றாக இருக்கிறது, பெண்ணே. முப்பத்தேழு ஆண்டாக அதைச் சொல்லிவருபவன் நான்."

சிலம்பாயி சிரித்தாள். கொட்டகைக்குள் போய் இரண்டு துணிகளைக் கொண்டுவந்து கொடியில் போட்டாள். ஒன்று மயிலின் கழுத்தைப் போல் ஒளிர்ந்தது. மற்றொன்று ஈரவிறகின் புகையைப் போல் மங்கிக் கிடந்தது.

"இது மலைநாட்டில் தோய்த்தது. இது இங்கே தோய்த்தது. அதே அவுரி, அதே பக்குவம், அதே கை. மாறியது தண்ணீர் ஒன்றுதான். உங்கள் ஆறு நல்ல ஆறு என்றால், ஐயா, என் நீலத்தை யார் தின்றது?"

மழவரையனார் அந்த மங்கிய துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். வீடு திரும்பும் வழியில் அந்தப் புகைநிறத் துணி அவருடைய கண்ணுக்குள் ஆடிக்கொண்டே இருந்தது. தம் நாவின்மேல் ஒரு நூல் அளவு ஐயம் விழுவதை அவர் வாழ்நாளில் முதன்முறையாக உணர்ந்தார். அந்த ஐயம் அவருக்குப் பிடிக்கவில்லை. அதனை அறுத்தெறியவே, மறுநாட்காலை, கையில் ஒரு கோலும் தோளில் ஒரு மூட்டையுமாய் ஆற்றை எதிர்த்து நடந்தார்.

முதல் நாள் யானைக்கொட்டிலை அடைந்தார். மூடுபனி ஆற்றின்மேல் படுத்திருந்தது. பனியினூடே, அவர் கண்மூடிக் கண்ட அதே காட்சி தெரிந்தது. ஆமைகள்போல் உறங்கும் கருங்கற்கள்! மகிழ்ந்து நீரில் இறங்கி, ஒன்றின்மேல் காலை வைத்தார். கல் மெத்தென்று அமுங்கிக் கரைந்தது. அறுபது யானைகளின் சாணம் அங்கே கரையோரம் தேங்கிக் கிடந்தது.

இரண்டாம் நாள் கயிற்றுக்காரனின் குழிகளை அடைந்தார். மாலை வெயிலைக் கரைத்தாற்போன்ற பொன்னிற நீர் அங்கே இருந்தது. ஆனால் வெயில் மறைந்தபின்னும் பொன்னிறம் மறையவில்லை. அருகே சென்றார். அழுகிய முட்டையின் நெடி எழுந்தது. மட்டைகள் ஊறி ஊறி வடித்த சாறு அது.

மூன்றாம் நாள் கரும்பாலையை அடைந்தார். வெள்ளை ஆம்பல்கள் நிரை நிரையாய் மிதந்து வந்தன. இவையேனும் மெய்யாக இருக்கட்டும் என்று நெஞ்சு வேண்டிக்கொண்டது. கையை நீட்டி ஒரு மலரை எடுத்தார். எடுத்த மலர் உள்ளங்கையில் உடைந்தது. பிசுபிசுப்பு மட்டும் விரல்களில் எஞ்சியது.

அது காய்ச்சிய சாற்றின் நுரை. முப்பது ஆண்டாகக் கண்ட கனவெல்லாம் தாம் அனுமதி கொடுத்த அழுக்கே என்பது அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. ஆயினும் நாக்கு இன்னும் வாதாடியது. பருகிப் பார்த்தார். நேற்றைப் போல் நன்று என்றே அது சொல்லியது.

அன்று மாலை மலையடியைக் கடந்து ஊற்றுக்கண்ணை அடைந்தார். கூந்தற்பனைகளின் நடுவே, ஒரு பாறையின் பிளவிலிருந்து, கைப்பிடியளவு தண்ணீர் ஓசையின்றி எழுந்துகொண்டிருந்தது. தேனெடுக்கும் பொம்மன் என்பவன் அங்கே நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தான்.

மழவரையனார் இரு கைகளாலும் நீரை ஏந்தினார். ஒரு மிடறு. இரண்டு மிடறு. மூன்று மிடறு. கண்களை மூடினார். ஒன்றுமே தோன்றவில்லை. கல்லில்லை, பொன்னில்லை, மலரில்லை.

"இதில் ஏதோ குறைகிறது!" என்றார். "சுவையே இல்லையே அப்பா! ஆறு எங்கே?"

பொம்மன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"தண்ணீருக்குள்ளே என்ன இருக்க வேண்டும் என்கிறீர் சாமி? தண்ணீர்தானே இருக்கும்!"

அந்த ஒரு சொல் அவரைப் பாறையில் உட்கார வைத்தது. முதன்முதலில் அரச துறையில் நின்றபோது நீர் எப்படிச் சுவைத்தது என்று எண்ணிப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. ஆறு ஒரு சிறங்கை கெட்டபோது அவருடைய நாக்கும் ஒரு சிறங்கை இணங்கியது. ஆறு ஒரு குடம் கெட்டபோது நாக்கும் ஒரு குடம் இணங்கியது. நேற்றையே அளவுகோலாய் வைத்துக்கொண்டு முப்பத்தேழு ஆண்டு அளந்திருக்கிறார். நாக்கு ஆற்றோடு கைகோத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது.

அங்கேயே இரண்டு நாள் தங்கினார். பொம்மன் கொடுத்த கிழங்கைத் தின்றார். ஊற்றுநீரைத் தவிர வேறெதையும் பருகவில்லை. பகலில் பனி வந்து அவர் தோளைத் தொட்டுப் போயிற்று. விழித்திருந்தாரா உறங்கினாரா என்று அவருக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் விடியலில் மீண்டும் பருகினார். அப்போது நாவின் கதவு திறந்தது. பாறையின் குளிர்ச்சி ஓர் ஓரத்தில் தெரிந்தது. வேரின் மணம் ஓர் ஓரத்தில் தெரிந்தது. பாசியின் இளமை நடுவே தெரிந்தது. அன்று அவர் கண்களை மூடவில்லை. மூட வேண்டியிருக்கவில்லை.

ஊற்றுநீரை மூங்கிற்குழாய்களில் நிரப்பிக்கொண்டு, பொம்மனையும் அவன் தம்பியரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஆற்றோடு கீழே இறங்கினார். கரும்பாலைக்குக் கீழே ஒரு மிடறு பருகியதும் துப்பினார். ஆலைவாசலில் நின்றிருந்த தென்னாடன் பதறிப்போனான்.

"என்ன ஓய் மழவரையரே! நடுவழியில் நின்று துப்புகிறீர்? உம் வாயால் நன்று என்று சொல்லித்தானே ஆலை வைத்தேன்! சாறு காய்ச்ச வருஷத்துக்கு ஒரு கொப்பரை கூட்டும்போதெல்லாம் உம்மிடம் கேட்டுத்தானே கூட்டினேன்!"

"ஆம் தென்னாடா, அதற்காகத்தான் துப்புகிறேன்" என்றார் மழவரையனார்.

கயிற்றுக்குழிகளுக்குக் கீழே பருகினார், துப்பினார். யானைக்கொட்டிலுக்குக் கீழே பருகினார், துப்பினார். சாயக்கொட்டகைக்குக் கீழேயும் பருகினார், துப்பினார். அங்கே புதிதாய் ஏறியிருந்தது ஒரு மெல்லிய கசப்பு. மேலிருந்து வந்த சுமையின்மேல் வைத்த கடைசிச் சுள்ளி அது. ஒவ்வோரிடத்திலும் கழிவுநீரில் ஒரு குடம் நிரப்பிக்கொண்டு, அதற்கு உரியவரையும் துறைக்கு வரச் சொன்னார்.

பத்தாம் நாள் அரச துறையில் அவை கூடியது. தொட்டிகளை உடைக்கச் சம்மட்டிகளோடு வீரர் நின்றனர். சிலம்பாயியின் குடும்பத்தார் மூட்டை கட்டிக்கொண்டு ஒருபுறம் நின்றனர். வில்லவராயன் கேட்டான்.

"மலைக்குப் போய் நாக்கைத் தீட்டிக்கொண்டு வந்தீர் என்று கேள்விப்பட்டேன். அது என்ன சொல்கிறது?"

"என் நாக்கு சொல்வதை இனி எவரும் கேட்க வேண்டாம், அரசே" என்றார் மழவரையனார். "உங்கள் நாக்கே சொல்லட்டும். மூவர் முன்னே வாருங்கள்."

அரசன் ஒருவன். படைத்தலைவன் ஒருவன். மூன்றாவதாக, வயிற்றுநோயில் மகள் படுத்திருக்கும் ஒரு தாய், குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

புதுப்பானை ஒன்றில் ஊற்றுநீர் ஊற்றப்பட்டது. மூவரும் ஒவ்வொரு சிரட்டை பருகினர்.

"சப்பென்று இருக்கிறது" என்றான் அரசன்.

"நோயாளிக்கு வைத்த கஞ்சித்தெளிவு போல் இருக்கிறது" என்றான் படைத்தலைவன். துறை முழுவதும் சிரித்தது.

மழவரையனார் தென்னாடனை அழைத்தார். அவனுடைய ஆலையின் நுரைநீரில் ஒரு சிரட்டையை அவன் கையாலேயே பானையில் ஊற்றச் சொன்னார். மூவரும் பருகினர்.

"முன் மிடற்றைப் போல் இருக்கிறதா?"

"இருக்கிறது" என்றனர்.

இரண்டாம் சிரட்டை. "முன் மிடற்றைப் போல் இருக்கிறதா?" "இருக்கிறது."

மூன்றாம் சிரட்டை. "முன் மிடற்றைப் போல் இருக்கிறதா?" "இருக்கிறது, இருக்கிறது. எத்தனை முறை கேட்பீர்!" என்றான் படைத்தலைவன்.

பின்னர் ஏனாதி வந்து மட்டைநீரை ஊற்றினான், ஒரு சிரட்டை, இரண்டு சிரட்டை, மூன்று சிரட்டை. அரசனின் தலைமைப் பாகன் வந்து, அரசனின் முகத்தைப் பார்த்தபடியே, கொட்டில்நீரை ஊற்றினான். ஒவ்வொரு சிரட்டைக்கும் ஒரு மிடறு. ஒவ்வொரு மிடற்றுக்கும் அதே கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் அதே விடை. நிழல்கள் குறுகின. நண்பகல் நெருங்கியது. மக்களுக்குக் கொட்டாவி வந்தது. இறுதியில் சிலம்பாயி வந்து தன் தொட்டிநீரில் ஒரு சிரட்டை ஊற்றினாள்.

மூவரும் பருகினர். அரசனின் முகம் மலர்ந்தது.

"ஆ! இப்போதுதான் வாய்க்கு இதமாக இருக்கிறது. இதுதான் நம் குமுதையின் சுவை!"

"நம் ஆறேதான்!" என்று படைத்தலைவன் கைதட்டினான். துறையில் நின்றவரெல்லாம் கைதட்டினர்.

"சற்றே பானைக்குள் பாருங்கள்" என்றார் மழவரையனார்.

பார்த்தனர். ஓரத்தில் நுரை மிதந்தது. நடுவே பழுப்பு நிறம் சுழன்றது. அடியில் சாணம் படிந்தது. மேலே ஒரு நீல இழை ஆடியது. கைதட்டல் ஒவ்வொன்றாய் அடங்கியது. 

மழவரையனார் மூங்கிற்குழாயில் எஞ்சியிருந்த ஊற்றுநீரை மூவருக்கும் வார்த்தார். வாயைக் கொப்பளித்து, மெல்லப் பருகி, அதன்பின் பானைநீரை மறுபடி பருகச் சொன்னார். இரண்டையும் அருகருகே வைத்துப் பருகியபோது, இணங்கிக் கிடந்த நாக்கும் விழித்துக்கொண்டது. படைத்தலைவன் துப்பினான். அரசன் துப்பவும் மாட்டாமல் விழுங்கவும் மாட்டாமல் கண்கலங்கினான். அந்தத் தாயோ சிரட்டையைத் தரையில் வைத்துவிட்டு, "இதைத்தான் என் மகளுக்கு ஊட்டினேனா?" என்று கேட்டாள். 

சிலம்பாயிக்குப் பொறுக்கவில்லை.

"குடம் குடமாய்க் குடித்தபோது இனித்தது. ஒரு மிடறு தெரிந்து குடித்ததும் குமட்டுகிறதா, மகாராசா? சம்மட்டியைக் கொண்டு வந்தீர்களே, இந்தப் பானையில் எந்தச் சிரட்டையை உடைக்கப் போகிறீர்கள்? என் சிரட்டையும் இதற்குள்ளே இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் சிரட்டைக்கு நிறம் இருந்தது. அதனால் மாட்டிக்கொண்டது."

வீரர் அவளை அடக்க முன்வந்தனர். அரசன் கையமர்த்தினான்.

"மழவரையரே, எந்தச் சிரட்டையில் இது கெட்டது?"

"எந்தச் சிரட்டையிலும் இல்லை, அரசே. எல்லாச் சிரட்டையிலும்தான். தனித்தனியே கேட்டு வந்தார்கள். தனித்தனியே சுவைத்தேன். தனித்தனியே நன்று என்றேன். எல்லாம் ஒரே பானையில் விழுகின்றன என்பதை நான் எண்ணவில்லை. உடைக்க வேண்டியது ஒன்று உண்டென்றால் அது என் நாவின் செருக்கு. நேற்றைப் போல் இன்றும் நன்று என்ற அச்சொல்லை இன்றோடு விட்டேன். என் பதவியையும் விட்டேன்."

இவ்வாறு சொல்லி, நீர்ச்சுவை காண்பவரின் வெள்ளிக் கிண்ணத்தை அரசனின் காலடியில் வைத்தார். அறுபத்து மூன்று ஆண்டு நிமிர்ந்திருந்த அவர் தலை அப்போது தாழ்ந்தது. ஆனால் ஊரார் கண்ணுக்கு அவர் அன்றுதான் உயர்ந்து தெரிந்தார்.

 வில்லவராயன் எழுந்து நின்று ஆணையிட்டான். சம்மட்டிகளைக் கீழே போடச் சொன்னான். கரையில் தொழில் செய்வோர் எவராயினும் கழிவை நேரே ஆற்றில் விடலாகாது என்றான். குழியில் தெளியவிட்டு, மணலில் வடியவிட்டு, வெட்டிவேர்ப் பாத்தியில் ஊறவிட்ட பின்பே விடவேண்டும் என்றான். முதற்குழி யானைக்கொட்டிலில் வெட்டப்படும், அதன் முதல் மண்ணை நானே அள்ளுவேன் என்றான். தென்னாடன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தன் ஆலைக்கு எத்தனை குழி வேண்டும் என்று கேட்டான். "நீர் கூட்டிய கொப்பரை எத்தனையோ, அத்தனை" என்றான் அரசன். துறையில் மீண்டும் சிரிப்பொலி எழுந்தது.

புதிதாய் ஒருவர் கரைக்கு வந்தால், அவர் விடும் சிரட்டையோடு முன்னரே விழும் சிரட்டைகளையெல்லாம் கூட்டிப் பார்த்தே விடை சொல்லவேண்டும் என்றும் விதித்தான். திங்கள்தோறும் மலையிலிருந்து ஊற்றுநீர் புதிதாய் இறங்கும். அதனைக் கொண்டுவரும் மலைவாசியே, ஊர்த்தண்ணீர் படாத நாக்கோடு, இரண்டையும் அருகருகே பருகித் தீர்ப்புச் சொல்வான். அம்முறைக்கு முதல் ஆளாய்ப் பொம்மன் நியமிக்கப்பட்டான். அவன் ஆற்றில் ஒரு மிடறு பருகி, முகத்தைச் சுளித்து, "இன்னும் நெடுந்தூரம் போகவேண்டும் சாமி" என்றான். முரசறைவோன் அதையே முழக்கினான்.

சிலம்பாயியின் குடும்பத்தார் மூட்டைகளை அவிழ்த்தனர். மூன்று ஆண்டும் மூன்று மழையும் கழிந்தபின்பே குமுதை தெளிந்தது. ஆனால் வழக்கு அன்றே தீர்ந்துவிட்டது.

இக்கதை உரைக்கும் நீதி இதுவே: நேற்றோடு மட்டும் ஒப்பிட்டு இன்றை நன்றென்பவன் கேட்டினை வளர்ப்பான், தொடக்கத்தோடு ஒப்பிட்டுத் தன் பங்கையும் எண்ணிப் பார்ப்பவனே அதைத் தடுப்பான்.

வேங்கைத்துறையின் நீர்வழக்குத் தீர்ந்த நாளாவது, விபவ ஆண்டு, பங்குனித் திங்கள் ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, வளர்பிறை ஐந்தாம் பிறை, கார்த்திகை மீன் கூடிய நண்பகல்.